வண்ண மீன்களைக் காக்கும் உயிர் வடிகட்டி

சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி வட்டாரம் மழையை நம்பிய பூமி. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 800 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் வந்து முடிந்துவிடும். பருத்தி, மக்காச்சோளம், சோளம், உளுந்து என்று மானாவாரியில் விதைத்து எடுத்தபின், குடும்பத்தில் ஓரிருவர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ செல்வது வழக்கம். தீபாவளி முடிந்ததும் அந்த வேலையும் சில வாரங்களுக்கு நின்றுவிடுகிறது. ஆண்டு முழுவதும் கொல்லைப்புறத்திலேயே செய்யக்கூடிய ஒரு துணைத்தொழில் இப்பகுதிக்கு மிகவும் தேவை.

அவ்வகையில் வண்ண மீன் வளர்ப்பு ஏற்ற தொழிலாகும். இதற்குக் கண்மாயோ பெரிய குளமோ தேவையில்லை. சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் வீட்டு முற்றங்களிலும் மொட்டை மாடிகளிலும் சிமெண்டுத் தொட்டி கட்டிப் பல குடும்பங்கள் இத்தொழிலில் நிலைத்துள்ளன. ஆயினும், புதிதாகத் தொடங்குவோரில் பலர் முதல் மாதத்திலேயே மனமுடைந்து கைவிட்டுவிடுகிறார்கள். கடன் வாங்கித் தொட்டி கட்டி, நல்ல மீனாகப் பார்த்து வாங்கி விட்டிருப்பார்கள். முதல் மூன்று நாள் மீன்கள் துள்ளி விளையாடும். ஐந்தாம் நாள் ஒன்றிரண்டு சாகும். பத்தாம் நாள் காலையில் பாதி மீன்கள் மிதக்கும். மீன் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். கண்பட்டுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் இரண்டும் அல்ல. தொட்டியில் மீன் விடுவதற்குமுன் அங்கே குடியேறியிருக்க வேண்டிய நுண்ணுயிர்கள் குடியேறவில்லை என்பதே காரணம். இந்நுண்ணுயிர்களைக் குடியேற்றிக் காக்கும் அமைப்பைத்தான் உயிர் வடிகட்டி என்கிறோம்.

தெளிந்த நீரில் மீன் சாவது ஏன்?

மீன் தின்னும் தீவனத்திலுள்ள புரதம் செரித்தபின் அதன் கழிவு அம்மோனியாவாக வெளியேறுகிறது. ஆடுமாடுகள் இக்கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கின்றன. மீனோ பெரும்பகுதியைச் செவுள் வழியாக நேரடியாகத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. குளத்தில் தண்ணீரின் அளவு மிகுதி. பாசியும் சேறும் அம்மோனியாவை எடுத்துக்கொள்கின்றன. தொட்டியில் தண்ணீர் குறைவு, மீன் அதிகம். நாள்தோறும் அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும்.

அம்மோனியாவிற்கு நிறமில்லை. மீனைக் கொல்லும் அளவுக்கு அது சேர்ந்திருந்தாலும் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாகவே தெரியும், மணமும் தெரியாது. தண்ணீரைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்லும் பழக்கம் இங்கே உதவாது.

வயலில் நடப்பதே தொட்டியிலும் நடக்கிறது

இம்மாற்றம் விவசாயிகளுக்குப் புதியதல்ல. தோட்டக்கால் பயிருக்கு அம்மோனியம் சல்பேட்டோ யூரியாவோ இடுகிறோம். யூரியா முதலில் அம்மோனியாவாகிறது. பின் மண்ணிலுள்ள ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பயிர் பெரும்பாலும் நைட்ரேட்டையே உறிஞ்சிக்கொள்கிறது. மீன் தொட்டியின் வடிகட்டியில் நடப்பதும் இதே வேலைதான். அம்மோனியா கொடிய நஞ்சு. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கிக்கொள்ளும்.

பட்டாசு வட்டாரத்து மக்களுக்கு இதை இன்னும் எளிதாக விளக்கலாம். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் இப்போது இரசாயனத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. முன்னாளில் அப்படியல்ல. மாட்டுத் தொழுவத்து மண்ணையும், சாணமும் கோமூத்திரமும் ஊறிய பழைய மண்ணையும் சுரண்டி எடுத்து, நீர்விட்டு வடித்து, காய்ச்சியே வெடியுப்பு எடுத்தார்கள். பீகாரில் நோனியா எனப்படும் மக்கள் இதையே குலத்தொழிலாகச் செய்தனர். கோமூத்திரத்தின் அம்மோனியாவை வெடியுப்புக்கு வேண்டிய நைட்ரேட்டாக மாற்றியவை இதே நுண்ணுயிர்கள்தாம்.

இது உயிருள்ளவற்றின் வேலை என்பது 1877இல் உறுதியாயிற்று. பிரான்சு நாட்டு விஞ்ஞானிகளான ஷ்லோசிங், மியூண்ட்ஸ் ஆகிய இருவரும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல இறங்கவிட்டனர். முதல் 20 நாட்கள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் வெளிவரத் தொடங்கியது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியபோது மாற்றம் நின்றுபோயிற்று. பின்னர்ச் சிறிது மண் கரைசலை ஊற்றியபோது மீண்டும் தொடங்கியது. 1890ஆம் ஆண்டையொட்டி வினோகிராட்ஸ்கி என்ற விஞ்ஞானி இந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். 1998இல் நன்னீர் மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் வேலையைப் பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்ற இனம் செய்கிறது என்று கண்டறிந்தனர். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் ஒரே நுண்ணுயிரே செய்து முடிப்பதும் உண்டு என 2015இல் தெரியவந்தது.

இந்த வரலாற்றில் மீன் வளர்ப்போர் நினைவில் கொள்ளவேண்டியது இரண்டு. நுண்ணுயிர்கள் பெருக அன்றைக்கு 20 நாட்கள் பிடித்தன. நம் தொட்டியிலும் ஏறத்தாழ அவ்வளவு காலம், சில வேளை அதற்கு மேலும் பிடிக்கும். மருந்து பட்டால் அவை மடியும்.

நம் பகுதித் தண்ணீரின் தன்மை

இவ்வட்டாரத்தில் பல கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீர் கடினத்தன்மை மிக்கது. பருப்பு வேகத் தாமதமாகும், சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப்படிவு உண்டாகும். இத்தகைய நீரில் நன்மை ஒன்றும் தீமை ஒன்றும் உண்டு.

மோலி, கப்பி, பிளாட்டி, வாள்வால் மீன் ஆகிய குட்டியிடும் இனங்களுக்குக் கடின நீர் நன்கு ஒத்துக்கொள்ளும். இவை ஏறத்தாழ மாதத்திற்கு ஒருமுறை குட்டி ஈனும். முட்டை பொரிக்கவைக்கும் தொல்லை இல்லை. ஆகவே புதியவர்கள் இவற்றையே தேர்ந்தெடுக்கலாம். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்றவை மென்னீரை விரும்புபவை. தொடக்கத்தில் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தீமை என்னவெனில், கடின நீர் பெரும்பாலும் காரத்தன்மையும் உடையது. மண் பரிசோதனை அறிக்கையில் வரும் கார அமில நிலை எண்ணைத் தண்ணீருக்கும் அளக்கலாம். அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மீனை அதிகம் பாதிக்காது. மற்றொன்று கொடிய நஞ்சு. காரத்தன்மை ஏற ஏற நஞ்சு வடிவம் பெருகும். தண்ணீரின் வெப்பம் 30 பாகை செல்சியஸ் இருக்கும்போது, மொத்த அம்மோனியாவில் நஞ்சு வடிவின் பங்கு வருமாறு:

கார அமில நிலை 7 எனில் — 100இல் 1 பங்குக்கும் குறைவு
கார அமில நிலை 8 எனில் — 100இல் 7 முதல் 8 பங்கு
கார அமில நிலை 9 எனில் — 100இல் சுமார் 45 பங்கு

வெப்பம் கூடினாலும் நஞ்சின் பங்கு கூடும். சித்திரை வெயிலும் காரத் தண்ணீரும் சேர்ந்தால் வேறு ஊரில் பிழைக்கும் மீன் இங்கே பிழைக்காது. நம் பகுதியில் உயிர் வடிகட்டி மிகவும் அவசியம் என்பதற்கு இதுவே காரணம்.

ஒரு கணக்கு

நீளம் 1.25 மீட்டர், அகலம் 80 சென்டிமீட்டர், நீர் ஆழம் 50 சென்டிமீட்டர் உள்ள தொட்டியில் 500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் 2 கிராம் எடையுள்ள மோலி மீன்கள் 150 விட்டிருப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு உடல் எடையில் 100க்கு 3 பங்கு வீதம் தீவனமிட்டால் சுமார் 10 கிராம் ஆகும். 35 விழுக்காடு புரதமுள்ள தீவனம் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா தழைச்சத்தாக வெளிவரும். ஆகவே 10 கிராம் தீவனத்திலிருந்து நாளொன்றுக்கு 0.3 கிராம். 500 லிட்டர் நீரில் இது லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். வடிகட்டி இல்லாவிடில் ஐந்து நாளில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் சேர்ந்துவிடும்.

கார அமில நிலை 7 உள்ள நீரில் இதில் நஞ்சு வடிவம் 0.02 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். நிலை 8 உள்ள நீரிலோ 0.2 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நஞ்சு வடிவம் 0.05 மில்லிகிராம் என்ற அளவிலேயே செவுள் கெடத் தொடங்கும் என்பதை நோக்கினால், ஐந்தாம் நாள் மீன் சாவதில் வியப்பில்லை. முதல் நாள் முடிவிலேயே நாம் அந்த எல்லையை நெருங்கிவிடுகிறோம்.

வடிகட்டி அமைக்கும் முறை

இந்நுண்ணுயிர்கள் தண்ணீரில் மிதந்து திரிவதைவிடக் கல், பஞ்சு, பிளாஸ்டிக் போன்றவற்றின் மேற்பரப்பில் வழவழப்பான படலமாக ஒட்டி வாழ்வதையே விரும்பும். ஆகவே குறைந்த இடத்தில் நிறைய மேற்பரப்பு கிடைக்கச் செய்தல் வேண்டும். பக்கம் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கல்லின் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே 1 சென்டிமீட்டர் கட்டிகளாக உடைத்தால் 1000 கட்டிகள் கிடைக்கும்; மேற்பரப்பு 6000 சதுர சென்டிமீட்டர் ஆகும். மிகவும் பொடித்துவிட்டால் இடைவெளி அடைபட்டுத் தண்ணீர் ஓடாது. எனவே 1 முதல் 2 சென்டிமீட்டர் அளவே ஏற்றது.

மேலே சொன்ன 500 லிட்டர் தொட்டிக்குத் தேவையான பொருட்கள்:

1. 30 லிட்டருக்குக் குறையாத பிளாஸ்டிக் வாளி ஒன்று
2. 1 முதல் 2 சென்டிமீட்டர் சல்லி அல்லது உடைத்த செங்கல் 20 லிட்டர்
3. ஓரங்குலப் பி.வி.சி. குழாயும் ஒரு வளைவும்
4. காற்றுப் பம்பு, காற்றுக் குழாய், குமிழ்க்கல்
5. வாளியின் வாயளவு பஞ்சுத் தாள் ஒன்று

குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சாண் உயரத்திற்கு இரம்பத்தால் பல கீறல்கள் இடவும். அதை வாளியின் நடுவில் நிறுத்திச் சுற்றிலும் நன்கு கழுவிய சல்லியை நிரப்பவும். சல்லியின்மேல் பஞ்சுத் தாளைப் பரப்பிச் சிறு கற்களை வைத்து அமுக்கவும். வாளியைத் தொட்டிக்குள் இறக்கி, அதன் விளிம்பு நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்குமாறு செங்கல் வைத்து உயர்த்தவும். குழாயின் தலையில் வளைவைப் பொருத்தி, அதன் வாய் நீர்மட்டத்தை ஒட்டி வெளிப்பக்கம் பார்த்திருக்கச் செய்யவும். குமிழ்க்கல்லைக் குழாயின் அடிவரை இறக்கிப் பம்பை இயக்கினால், ஏறும் காற்றுக்குமிழ்கள் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வெளியே கொட்டும். அந்த இடத்தை நிரப்ப, வாளியின் மேலிருந்து தண்ணீர் பஞ்சு வழியாகவும் சல்லி வழியாகவும் கீழிறங்கும்.

பஞ்சு கசடைப் பிடிக்கும். சல்லியில் நுண்ணுயிர் வளரும். குமிழ்கள் பிராணவாயு தரும். தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஒருமுறை வடிகட்டி வழியே சென்றுவரவேண்டும். வளைவின் வாயில் பிடித்த ஒரு லிட்டர் செம்பு சுமார் 7 விநாடிக்குள் நிறைந்தால் ஓட்டம் போதுமானது. 20 லிட்டர் சல்லி நாளொன்றுக்கு 10 கிராம் தீவனத்தின் கழிவைத் தாங்கும். தீவனத்தைக் கூட்ட நினைப்பவர்கள் வடிகட்டியையும் அதற்கேற்பக் கூட்டவேண்டும்.

புதுச் சிமெண்டுத் தொட்டியாயின் முதலில் அதன் சுண்ணாம்புக் காரத்தை நீக்கவேண்டும். தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறப்போட்டு, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி இரண்டு மூன்று வாரம் ஊறவிடவும். பின்னர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிடவும். தொட்டியின்மேல் கீற்றுப் பந்தல் இருத்தல் அவசியம்.

தொட்டியைப் பழக்குதல்

இதுவே முக்கியமான கட்டம். பெரும்பாலோர் தவறுவதும் இதிலேதான். சாதாரண நுண்ணுயிர்கள் அரைமணி நேரத்தில் இரட்டிக்கும். இந்நுண்ணுயிர்கள் இரட்டிக்கப் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளும் ஆகும். ஆகவே பொறுமை தேவை. நாற்று தயாராகுமுன் வயலில் நடவு செய்ய முடியாது. அதுபோலவே வடிகட்டி தயாராகுமுன் மீன் விடக்கூடாது.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி வடிகட்டியை இரவும் பகலும் இயக்கவும். கூட்டுக் குடிநீராயின் அதில் குளோரின் கலந்திருக்கும். அகன்ற தொட்டியில் பிடித்து ஒருநாள் வெயிலிலும் காற்றோட்டத்திலும் வைத்தபின் பயன்படுத்தவும். அவசரமாயின் 100 லிட்டருக்கு 1 கிராம் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டைக் கரைத்து ஊற்றலாம்.

பின் 500 லிட்டருக்கு 5 கிராம் அம்மோனியம் சல்பேட் உரத்தைக் கரைத்து விடவும். இதில் 100க்கு 21 பங்கு தழைச்சத்து உள்ளது. ஆகவே லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவு கிடைக்கும். இது நுண்ணுயிர்களுக்கு இடும் தீவனம். நன்றாக மீன் வளரும் பழைய தொட்டி ஒன்று தெரிந்தவரிடம் இருந்தால், அதன் வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த நீரை ஒரு குவளை கொண்டுவந்து ஊற்றுவது தயிருக்கு உறைமோர் இடுவது போலாகும். மாற்றம் விரைவில் தொடங்கும். நோய் கண்ட தொட்டியிலிருந்து மட்டும் எடுக்கலாகாது.

வண்ண மீன் கடைகளில் அம்மோனியா, நைட்ரைட் ஆகியவற்றை அளக்கும் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஊரில் நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாளுக்கொருமுறை சோதித்தால் மாற்றம் தெரியும். முதல் ஓரிரு வாரங்களில் அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா தீர்ந்தவுடன் மீண்டும் 5 கிராம் உரம் இடவும். அடுத்த சில வாரங்களில் நைட்ரைட்டும் இறங்கிவிடும். மொத்தத்தில் மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். உரமிட்ட மறுநாள் சோதிக்கும்போது அம்மோனியாவும் இல்லை, நைட்ரைட்டும் இல்லை என்று வந்தால் வடிகட்டி தயார். தண்ணீரில் முக்கால் பங்கை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

அம்மோனியா குறைந்துவிட்டது என்று இடையிலேயே மீன் விடுபவர்கள் நைட்ரைட்டுக்குப் பலிகொடுக்கிறார்கள். நைட்ரைட் மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, பிராணவாயு ஏந்தும் சக்தியைக் கெடுத்துவிடும். எவ்வளவு காற்று விட்டாலும் மீன் மூச்சுத் திணறும்.

மீன் விடுதல்

வெளியூரிலிருந்து பாலித்தீன் பையில் வரும் மீனைப் பையோடு கால்மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தவும். பையைத் திறந்ததும் தாமதிக்காமல் வலையால் மீனை எடுத்துத் தொட்டியில் விடவும். மீன் விட்ட மூச்சால் பையிலுள்ள நீர் அமிலத்தன்மை அடைந்திருக்கும். அதில் சேர்ந்த அம்மோனியா அதுவரை அடங்கியிருக்கும். பை திறந்து காற்றுப் பட்டதும் அது நஞ்சு வடிவாக மாறத் தொடங்கும். பை நீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

முதலில் 50 மீன்கள் விடவும். பத்து நாள் கழித்து 50, மேலும் பத்து நாள் கழித்து 50 என்று பகுதி பகுதியாக விட்டால் நுண்ணுயிர்களும் அதற்கேற்பப் பெருகும். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீவனமிடவும். மிச்சத் தீவனம் அழுகினால் அதுவும் அம்மோனியாவே.

தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று கடைகளில் விற்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியை நம்பி ஏமாற வேண்டாம். அது சுவரிலுள்ள பாசியைத் தின்னுமே தவிர அம்மோனியாவை நீக்காது. தன் பங்குக்குக் கழிவையும் சேர்க்கும். இம்மீன் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களுக்குத் தொல்லையாகியுள்ளது. வேண்டாத வண்ண மீன் எதையும் கண்மாயிலோ கிணற்றிலோ விடலாகாது.

வடிகட்டியைக் காத்தல்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் திடீரென்று மீன் சாவதற்குக் காரணம், பல நேரம் வீட்டாரின் சுத்த உணர்வே. பண்டிகைக்கு வீடு கழுவும்போது தொட்டியையும் காலி செய்து, சல்லியைக் குழாய் நீரில் அலசிப் பளபளப்பாக்கிவிடுவார்கள். ஒரு மாதம் வளர்த்த நுண்ணுயிர்கள் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். மறுவாரம் மீன்கள் மிதக்கும். கீழ்க்கண்டவற்றைத் தவறாது கடைப்பிடிக்கவும்.

1. பஞ்சை வாரம் ஒருமுறை, தொட்டியிலிருந்தே எடுத்த தண்ணீரில் பிழிந்து அலசவும். குழாய் நீர், சோப்பு, பிளீச்சிங் பவுடர் ஆகாது.

2. சல்லியை அடைப்பு ஏற்பட்டால் மட்டும், அதுவும் ஒரு சமயம் பாதியை மட்டுமே தொட்டி நீரில் அலசவும்.

3. நோய்க்கு மெத்திலீன் நீலமோ உயிர்க்கொல்லி மருந்தோ தரவேண்டியிருந்தால் நோயுற்ற மீனைத் தனித்தொட்டியில் வைத்துத் தரவும். மீனுக்கு மருந்தாவது வடிகட்டிக்கு நஞ்சாகும்.

4. வாரம் ஒருமுறை தண்ணீரில் கால்பங்கை மாற்றவும். சேர்ந்த நைட்ரேட்டை வெளியேற்ற இதுவே வழி.

5. மின்தடையை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவும். ஒரு கிராம் அம்மோனியா தழைச்சத்தை நைட்ரேட்டாக்க நுண்ணுயிர்களுக்குச் சுமார் 4.6 கிராம் பிராணவாயு தேவை. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் பிராணவாயுவையே ஏந்தும். பம்பு நின்றால் மீனும் நுண்ணுயிரும் அந்தக் கொஞ்சத்திற்குப் போட்டியிடும். நெல் வயலின் சேற்றில் காற்றில்லாததால் அம்மோனியா நைட்ரேட்டாக மாறாதிருப்பது போல, காற்றிழந்த வடிகட்டியிலும் வேலை நின்றுவிடும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைக்கவும். மின்தடை நீண்ட நாளில் தீவனத்தை நிறுத்தவும். பட்டினியால் மீன் இரண்டு நாளில் சாகாது.

பட்டாசு வட்டாரத்தில் தனிக்கவனம்

இரசாயனங்கள் வந்த பீப்பாய்களும் சாக்குகளும் இப்பகுதியில் மலிவாகக் கிடைக்கும். அவற்றை மீன் தொட்டிக்கோ, தண்ணீர் பிடித்து வைக்கவோ பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் பொருந்தாது. ஆலை வேலை முடிந்து வந்தவர்கள் கை கால் கழுவி உடை மாற்றியபின்னரே தொட்டியைத் தொடவேண்டும். அலுமினியப் பொடி, கந்தகம் முதலிய மருந்துத் தூள் மீனுக்கும் ஆகாது, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் ஆகாது. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை நேரம் நீளும்போது, தீவனமிடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடமே ஒப்படைக்கவும். ஆளுக்கொரு முறை தீவனம் போட்டால் நாளைக்கு மும்மடங்காகிவிடும்.

அறிகுறிகளும் உடனடிச் சிகிச்சையும்

செவுள் சிவந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மீன் அடியில் சோர்ந்து கிடந்தால் அம்மோனியாவைச் சந்தேகிக்கலாம். செவுள் பழுப்பாகி, காற்றோட்டம் நன்றாக இருந்தும் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் நைட்ரைட் என்று கொள்ளலாம். விடியற்காலையில் மட்டும் எல்லா மீனும் மேலே வந்தால் பிராணவாயுக் குறைவு.

மூன்றுக்கும் முதலுதவி ஒன்றே. தீவனத்தை இரண்டு நாள் நிறுத்தவும். அதே வெப்பமும் அதே தன்மையும் உள்ள, குளோரின் நீங்கிய நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றவும். காற்றோட்டத்தைக் கூட்டவும். நைட்ரைட் என்று தெரிந்தால் அயோடின் கலவாத கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம் வீதம், அதாவது 500 லிட்டருக்கு அரைக்கிலோ, கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உடலில் ஏறுவதைத் தடுக்கும். செத்த மீனை உடனுக்குடன் அகற்றவும். தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாக மாற்றலாகாது.

தண்ணீர்ச் சிக்கனமும் உதவியும்

வடிகட்டி இல்லாத தொட்டியில் மீனைக் காக்கத் தினந்தோறும் பாதித் தண்ணீரை மாற்றவேண்டியிருக்கும். நம் தொட்டிக்கு அது வாரத்திற்கு 1750 லிட்டர். வடிகட்டி அமைத்தால் வாரத்திற்கு 125 லிட்டர் போதும். குடிநீருக்கே குடத்தோடு காத்திருக்கும் கோடையில் இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை நம் பெண்கள் அறிவார்கள். வெளியேற்றும் அந்த 125 லிட்டரும் வீணல்ல. நைட்ரேட் கலந்த அந்நீரை முருங்கை, கறிவேப்பிலை, கீரைப் பாத்திக்குப் பாய்ச்சலாம். உப்பிட்ட நீரை மட்டும் பாய்ச்ச வேண்டாம்.

2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் என அலகுத் தொகை வகுக்கப்பட்டு, பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிர் மற்றும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 விழுக்காடும் மானியம் அறிவிக்கப்பட்டது. நடப்பு ஆண்டின் விவரத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளவும். 1977இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கப்பட்டு, இன்று தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி நமக்கு அருகிலேயே உள்ளது. தொழில் நுட்ப ஐயங்களுக்கு அங்கே அணுகலாம்.

கடன் வாங்கிப் பத்துத் தொட்டி கட்டுவதற்குமுன் ஒரே ஒரு தொட்டியில் இம்முறையைச் செய்து பார்க்கவும். முதல் ஆறு வாரம் அதில் மீன் இராது. கல்லும் தண்ணீரும் குமிழும் மட்டுமே இருக்கும். பக்கத்து வீட்டார் கேலிகூடச் செய்யலாம். கவலை வேண்டாம். அந்தக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத பயிர் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அது விளைந்தபின் விடும் மீன்கள் நிலைக்கும். அத்தொட்டியிலிருந்து எடுக்கும் ஒரு கைப்பிடிச் சல்லியே அடுத்த தொட்டிக்கு விதையாகும்.